வீட்டில் எத்தனை பேர்?

நவரட்ணராஜா பில்லைக் கீழேயிருந்துதான் வாசிப்பார். விலையும் கூட்டுத்தொகையும் மேலே கிடக்கட்டும். அவருக்கு வேண்டியது வாலில் அச்சாகும் சலுகை. கண்டி நகரத்துச் சுப்பர் மார்க்கெட் வாசலில், வருகிறவர் போகிறவர் தோளில் இடிக்க, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்று வாசிப்பார். "ஆஹா, நூடில்ஸ்! குடும்பப் பைக்கற்!" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரிப்பார்.

பேராதனை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். ஊரார் எலும்பையெல்லாம் பார்க்கிற மனிதர், தன்னைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார். மஹய்யாவயில் இரண்டு அறை வாடகை வீடு. ஓர் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறார். மனைவி லீலாதேவி, தாய்க்குச் சுகமில்லையென்று இரண்டாயிரத்து ஆறு ஓகஸ்ட் லீவுக்கு இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனாள். பத்தே நாள் என்றுதான் பேச்சு. அந்த மாதமே சண்டை மூண்டு, புலிகள் வசமிருந்த வன்னிக்குப் போகும் பாதையைப் பூட்டிவிட்டார்கள். இரண்டரை வருஷமாகப் போகிறது. கடைசிக் கடிதம் வந்தும் நாலு மாதம்.

கடையின் சலுகை அட்டைக்கு விண்ணப்பம் நிரப்பியபோது, 'வீட்டில் எத்தனை பேர்?' என்று கேட்டிருந்தது. நாலு என்று எழுதினார். அதே கிழமை, தமிழர் வீடுகளுக்குப் பொலிஸ் கொடுத்த பதிவுப் பத்திரத்தில் ஒன்று என்று எழுதியவர்! அங்கே நாலு என்றால், மற்ற மூன்று பேரும் எங்கே என்பார்கள். வன்னியில் என்று சொல்லிவிட்டு ஒரு தமிழன் லேசில் வீடு திரும்புவானா? கடைக்கு அந்த விசாரணையெல்லாம் இல்லை. பால்மா, பிள்ளைகளின் பற்பசை என்று நாலு பேருக்கும் விலைக் கழிவு கொடுத்துக்கொண்டேயிருந்தது. இந்த ஊரில் அவரைக் குடும்பஸ்தன் என்று நம்பியது கடையின் பில் மெஷின் ஒன்றுதான்.

ஆனால் பொல்லாத மெஷின் அது. அட்டையை உரசும்போதெல்லாம், வாங்குவதையும் குறித்துக்கொள்ளும். அரைப் பாண், இரண்டு முட்டை, சின்னப் பருப்புப் பைக்கற். மாதக்கணக்கில் இதையே பார்த்தால் அதற்கும் விளங்காதா? மார்கழியில் பால்மாச் சலுகை நின்றது. கிளிநொச்சி இராணுவத்திடம் பிடிபட்டதென்று தெருவில் வெடி கொளுத்தினார்களே, அதற்கு மறுநாள் சனிக்கிழமை காலை, பில்லின் வாலில் இப்படி வந்தது: ஒருவருக்கான சூப், பத்து வீதம் கழிவு.

நேரே காசாளர் றிஸானாவிடம் திரும்பிப் போனார்.

"பிள்ளை, இது வேற ஆற்றையோ. எனக்கு மாறி வந்திட்டுது."

"இல்ல அங்கிள், ஒங்கட கார்ட் தான். நீங்க வாங்குற சாமானப் பாத்து அதுவாத் தாற."

"நாலு பேர் எண்டெல்லோ நான் எழுதித் தந்தனான்?"

றிஸானா அவருடைய பையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இப்ப ஊட்டுல எத்தின பேர் ஈக்கிறாங்க அங்கிள்? மாத்தணும்னா மாத்தித் தாறேன்."

ஒன்று என்று வாயால் சொல்லிவிட்டால் அதுவே நடந்துவிடுமோ என்று பயந்தார்.

"நாலுதான். ஒண்டும் மாத்த வேண்டாம்."

பையிலிருந்த அரைப் பாணை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே போனார். இரண்டு முழுப் பாணும் பிள்ளைகளின் பற்பசையும் எடுத்துக்கொண்டு வந்து, அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையின் கடைசியில் நின்றார்.