வாடல் பூவை முதலில் காட்டுகிறவள்

ஆயிஷா சித்திகாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிழைக்கத் தெரிந்தவர்கள் அதைக் கெட்ட பழக்கம் என்பார்கள். மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்கு மல்லிகை அனுப்பும் ஒரு நிறுவனத்தில் அவள் பதினொரு வருஷம் வேலை பார்த்தாள். மொட்டு விரிவதற்குள் ஐஸ் பையோடு தெர்மாகோல் பெட்டியில் அடைத்து விமானத்துக்கு அனுப்பிவிடுவது அவள் பொறுப்பு. தினமும் பெட்டியை மூடும் முன், அன்றைய சரக்கிலேயே மோசமான ஒரு கைப்பிடிப் பூவைப் பொறுக்கி, போட்டோ எடுத்து, வாங்குகிறவருக்கு முதலில் அனுப்புவாள். நல்ல பூவின் படம் அதற்குப் பிறகுதான் போகும்.

"இந்தம்மா கல்யாணத் தரகு பாத்தா ஊர்ல ஒரு கல்யாணமும் நடக்காதுடா" என்று பூ வியாபாரி விருமாண்டி மார்க்கெட்டே கேட்கச் சொல்லுவார். ஆயிஷா சிரித்துக்கொள்வாள். பெட்டியைத் திறந்த பிறகு அவளிடம் சண்டைக்கு வந்தவர் ஒருவரும் கிடையாது. அதை விருமாண்டி சௌகரியமாக மறந்துவிடுவார்.

தை மாதம் அந்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள். முப்பத்தொன்பது வயதில் ஆயிஷா புதிதாக வேலை தேட வேண்டியதாயிற்று. அவள் கணவர் முகமது யாசீன் ஆரப்பாளையத்தில் ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமைக்கு ஒரு தேதி குறித்து வைப்பவர்.

"பக்ரீத் வரைக்கும் தேடிப் பாரு. அதுக்கு மேல வீட்டுல ஒக்காந்து மனசப் போட்டு ஒழப்பிக்காத. அண்ணன் ஜவுளிக்கடைல ஆள் இல்லையாம், அங்க போயிரு."

ஜவுளிக்கடையில் சேலை மடித்து வைப்பது கேவலமான வேலையில்லை. அது ஆயிஷாவுக்கும் தெரியும். ஆனால் பதினொரு வருஷம் விமானத்தில் சரக்கு ஏற்றிய கை அது. அன்றைக்கு அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் அழுதாள்.

உதவிக்கு வந்தது காவ்யஸ்ரீ. பழைய நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பார்த்த சௌராஷ்டிரப் பெண், இப்போது ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். வேலை தேடுகிறவர்கள் தங்களைப் பற்றி எழுதிவைக்கும் லிங்க்ட்இன் தளத்தில் ஆயிஷாவுக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் இருந்தது. முகத்துக்குப் பதில் மல்லிகைப்பூ, பெயருக்குக் கீழே "மதுரை" என்ற ஒரே சொல். காவ்யஸ்ரீ தலையில் அடித்துக்கொண்டாள். முக்காட்டைச் சரி செய்து, ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி அவளே படம் எடுத்தாள். பிறகு ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினாள்: தலைமைப் பண்பு மிக்கவர், இலக்கை நோக்கிப் பாய்பவர், பிழையற்ற பதினொரு ஆண்டுகள்.

"யாரும்மா இது?" என்றாள் ஆயிஷா.

"நீங்கதான்க்கா."

அந்தப் பெரிய மனுஷியை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் ஓடிப்போனது. பக்ரீத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு மத்தியானம் ஆயிஷா உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தாள். தனக்குத் தெரிந்த சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் தானே எழுதினாள். பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டது. பதினொரு வருஷத்தில் மூன்று முறை சரக்கு கெட்டது. ஒன்று மழையால், இரண்டு என் தவறால். மற்ற நாளெல்லாம் பூ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. எழுதி முடித்ததும் அழித்துவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது. இருந்தாலும் அப்படியே விட்டு, அதை வைத்தே விண்ணப்பங்களும் அனுப்பினாள்.

சாயங்காலமே போன் வந்தது. "அக்கா, இது என்னக்கா? வேலை கேட்டுப் போற எடத்துல எவனாச்சும் நான் தப்பு பண்ணேன்னு எழுதுவானா?"

"வாடல முதல்ல காட்டித்தான் பழக்கம் காவ்யா. வேற மாதிரி எழுத வரல."

பக்ரீத்துக்கு ஆறு நாள் இருந்தபோது கப்பலூரிலிருந்து அழைப்பு வந்தது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனம். மேலாளர் பீமாராவ், சிரித்துப் பழக்கமில்லாத முகம். முன்னால் ஒரு கட்டுக் காகிதம்.

"வந்த விண்ணப்பம் அம்புட்டுலயும் பிழையே பண்ணாதவங்கதான் இருக்காங்க. உங்களோடது ஒண்ணுலதான் ரெண்டு இருக்கு. அதைச் சொல்லுங்க."

ஆயிஷா சொன்னாள். முதல் தடவை, விமான நேரம் மாறியதாக வந்த மெயிலை அவள் பார்க்கவில்லை. இரண்டாவது, ஐஸ் பையை எண்ணாமல் பெட்டியை மூடச் சொல்லிவிட்டாள்.

"வண்டி போன பெறகு மிச்சப் பையை எண்ணுனப்பதான் சார் தெரிஞ்சுச்சு. பிளேன் கெளம்பிருச்சு. வாங்குறவருக்கு அப்பவே போன் போட்டேன். என் பெட்டிய நம்பாதீங்க, வேற எடத்துல பூ சொல்லிருங்கன்னு. அவருக்கு அன்னைக்கு ஒரு கல்யாண ஆர்டர்."

"அவர் நம்பர் இருக்கா?"

இருந்தது. ஷார்ஜாவில் பூக்கடை வைத்திருக்கும் கீழக்கரைக்காரர் சிஹாபுதீன். நஷ்டப்பட்ட மனிதரின் நம்பரையே எடுத்துக் கொடுக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தியது. கொடுத்தாள். பீமாராவ் ஸ்பீக்கரில் போட்டு, ஆயிஷா சித்திகா தங்களிடம் வேலை கேட்டு வந்திருப்பதைச் சொல்லி, கெட்டுப்போன அந்தப் பெட்டியைப் பற்றி விசாரித்தார்.

"ஆயிஷா புள்ளையா? அன்னைக்கு அது மட்டும் போன் பண்ணலைன்னா கல்யாண வீட்டுல என் மானம் போயிருக்கும். பெட்டி திறக்குற வரைக்கும் வாயே திறக்காதவங்கதான் இங்க ஜாஸ்தி. கம்பெனி மூடுன பெறகு அந்தப் புள்ளைய எங்க தேடுறதுன்னு தெரியல. இனிமே உங்ககிட்டயே வாங்கிக்கிறேன், அனுப்பச் சொல்லுங்க."

"சார், நாங்க பூ அனுப்புறதில்ல. முருங்கைக்காய்தான்."

சிஹாபுதீன் விடவில்லை. "அப்ப முருங்கைக்காயே அனுப்பச் சொல்லுங்க. பக்கத்துல நம்ம மச்சான் காய்கறிக்கடைதான் வச்சிருக்காரு."

பீமாராவ் போனை வைத்தார். ஆயிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டாள். சும்மா இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை.

"ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிர்றேன் சார். முருங்கைக்காய்ல எனக்கு ஒரு நாள் அனுபவம் கூடக் கெடையாது."

அந்த முகம் முதல் தடவையாகச் சிரித்தது. திங்கட்கிழமை காலையில் வந்துவிடச் சொன்னார்.