சால்மன் ஆற்றுச் சேறு

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு மீன்கடை. பிரெஞ்சுக்காரர் வேண்டாமென்று தள்ளும் சால்மன் தலைதான் என் கைக்கு எட்டும். அதை எனக்காக வெட்டிக்கொண்டிருந்த கடைக்காரப் பெண் யாழினி, கை துடைத்து, கைபேசியை என்னிடம் திருப்புகிறாள். கனடாவிலிருந்து கணவன் அனுப்பிய படம். சுரங்கக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து, சால்மன் ஏறிவரும் ஆறு சாம்பல் நிறச் சேறாக ஓடுகிறது. மீன் ஆலையில் அவனுக்கு இருந்த வேலை போய்விட்டது. வேலை இல்லாமல் இவளை அங்கே கூப்பிட வழியில்லையாம்.

"மீனுக்கு ஒண்டுமில்லையெண்டு சுரங்கக் கொம்பனி சொல்லுது. அப்ப இந்த மனுசனை ஏன் வீட்டை அனுப்பினவங்கள், அண்ணை?"

ஆறு சுத்தம் என்று சொல்லும் அதே கம்பனி, கரையோர ஊருக்குப் போத்தல் தண்ணீரும் கொடுக்கிறதாம். நல்ல மனசு.

கைபேசி அடிக்கிறது. பேசி முடித்தவளின் முகம் மலர்ந்திருக்கிறது.

"அவருக்கு வேலை கிடைச்சிட்டுது அண்ணை! அந்தச் சேத்தை அள்ளுற வேலை. கொம்பனியே குடுக்குது."

"எவ்வளவு காலத்துக்கு?"

"ஆறு துப்புரவாகும் மட்டுமாம்."

"அப்ப பென்சன் எடுக்கிற வரைக்கும் பயமில்லை."

"உங்கட வாய்க்குச் சீனி போடவேணும்," என்கிறாள். அவள் கேலி செய்யவில்லை.