கிள்ளானில் காத்திருந்த காலும் இரண்டு நிறப் பொட்டும்

சனிக்கிழமை காலை ஏழு மணி. விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு ஐம்பத்தேழு கிலோமீட்டர். வேக ரயில் அரை மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டது. வாசலில் மலர் நின்றிருந்தாள். மதுரை விடுதியில் என் அறைத்தோழி, இப்போது சொந்த ஊரில் ஆராய்ச்சியாளர். சாப்பிட்டதும் லேப்புக்குப் போகிறோம், உன்னால் ஒரு வேலை ஆக வேண்டும் என்றாள். சுற்றிப் பார்க்க வந்தவளை வேலைக்கு எடுப்பது இந்த ஊர் வழக்கமோ என்று கேட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் கடையில் தோசை வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். நம் ஊர் வரப்பில் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டு, இங்கே டெங்கில் என்ற ஊர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்ட ஓரத்திலும் முளைக்கிறது. அதன் சாறு புண்ணை ஆற்றுமா என்று சோதித்து, ஆற்றுகிறது என்று எழுதிக் கொடுத்தாளாம். செடி மேலுள்ள ஆசையில் அளந்திருக்கிறீர்கள் என்று மேலதிகாரி திருப்பிவிட்டார். எந்தச் சோதனைத் தட்டில் சாறு என்று தெரியாமலே அவள் அளந்து காட்ட வேண்டும். தவறினால் அந்தச் செடியைக் கைவிட வேண்டும். உடன் வேலை செய்பவர்களின் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், ரகசியம் காக்க என்னைப் பிடித்திருக்கிறாள். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள்.

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கத்து லேப்பை அடைந்தபோது மணி பதினொன்று. சிறு தட்டுகளில் தோல் செல்கள் படலமாகப் படர்ந்திருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய கோடு கீறியிருந்தாள். அதுதான் புண். மறுநாள் கோடு எவ்வளவு மூடியிருக்கிறது என்று அளப்பார்கள். பாதித் தட்டுகளில் சாறு கலந்த திரவம், பாதியில் சாறில்லாத திரவம் நான் விட வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஏதாவது அடையாளம் வை, என்னிடம் சொல்லாதே என்று வெளியே போய்விட்டாள். நான் தாவரவியல் பாடம் நடத்துபவள், சொட்டு விடுவதில் சிரமமில்லை. அடையாளத்துக்குத்தான் யோசித்தேன். கைப்பையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருந்தது. பாதிக்குச் சிவப்பு, பாதிக்குக் கருப்பு ஒட்டினேன். எதற்கு எது என்று இப்போது உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

மாலை நான்கு மணிக்கு கொமுட்டர் எனும் புறநகர் ரயிலில் கிள்ளான். வழியெல்லாம் மலர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வாயை நிரப்பி வைத்தேன்.

கிள்ளானில் அவள் அப்பா வீடு. லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சர்க்கரையால் காலில் ஆறாத புண். கிளினிக்கில் கட்டுப் போட்டிருந்தார்கள். தேநீர் வருமுன்பே மகளிடம் கேட்டார்.

"உன் செடிய கொஞ்சம் அரைச்சுப் போடேன் லா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"டெஸ்ட் பண்ணாம உங்க கால்ல போட மாட்டேன்ப்பா."

இதே பேச்சு வாராவாரம் நடக்கிறதாம். சமையலறையில் மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபோது, ரகசியத்தைச் சொல்லிவிடலாமா என்று தவித்துப்போனேன். சொன்னாலும் பயனில்லை, முடிவு எனக்கே தெரியாது.

ஞாயிறு நண்பகல் லேப்பில் அவள் ஒவ்வொரு தட்டாக அளந்தாள். முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தாள்.

"கருப்பு எல்லாம் நல்லா மூடியிருக்கு. சிவப்பு மோசம். போச்சுடீ."

"ஏன் போச்சு?"

"நீ என் செடிக்குச் சிவப்புதானே வச்சிருப்ப? எந்தத் தமிழ்ப் பொண்ணும் நல்லதுக்குச் சிவப்புதான் வைப்பா."

"புள்ளைக்குக் கண்ணு படக்கூடாதுன்னா என்ன பொட்டு வைப்போம்?"

மலரின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பிறகு அழுதாள், நானும் அழுதேன். தலைகீழாக நம்பிக்கொண்டே அளந்திருக்கிறாள். ஆசையில் அளந்தாள் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

திங்கள் காலை, ஊர் திரும்ப மீண்டும் சென்ட்ரல். இதையே திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும், மனிதர் காலுக்கு வர வருடங்கள் ஆகும் என்றாள். ஊரில் என் மாணவர்கள் இந்த இலையைக் கசக்கி அப்படியே காயத்தில் வைத்துக்கொள்வார்கள். பெற்ற அப்பாவுக்கே மறுத்துவிட்டு ஒருத்தி இங்கே காத்திருக்கிறாள். எனக்கு அவளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

ரயில் வந்ததும் மலர் கை நீட்டினாள்.

"ஒரு கருப்புப் பொட்டு குடு. அப்பா கட்டு மேல ஒட்டணும். இதுக்கு டெஸ்ட் வேணாம்."