வால்நட்சத்திரத்துக்கு ஒரு மாடிச் சாவி

எங்கள் அடுக்ககத்தில் மொட்டை மாடிக்கு ஒரே ஒரு சாவிதான். அது குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டில் ஆணியில் தொங்கும். துணி காயப்போடுகிறவர்கள் காலையில் வாங்கிக்கொண்டு போய் மத்தியானம் திருப்பிக் கொடுப்பார்கள். இருட்டுகிற நேரத்தில் சாவி கேட்டு நிற்பவள் நான் ஒருத்திதான். எதற்கு என்று கேட்பார்கள். நட்சத்திரத்தைப் படம் பிடிக்கப் போகிறேன் என்றால், இந்தப் பருத்திப்பட்டில் நட்சத்திரமா என்று சிரிப்பார்கள். சிரிப்பிலும் நியாயம் உண்டு. ஏரிக்கரை விளக்கு, சாலை விளக்கு, கடைப் பலகை எல்லாம் சேர்ந்து எங்கள் வானத்தை ஆறிப்போன டீ நிறத்தில் வைத்திருக்கின்றன. அதில் நட்சத்திரம் தேடுகிறவளைக் கிறுக்கு என்று சொன்னால் கோபப்படக் கூடாது. நான் கோபப்பட்டேன், அது வேறு விஷயம்.

அந்த ஐப்பசியில் மேல்தளத்து வீடு ஒன்றில் கூரை கசிந்தது. என் கேமரா ஸ்டாண்டின் கால்தான் தளத்துப் பூச்சைக் குத்திக் கிழித்துவிட்டது என்று அந்த வீட்டம்மா சொல்லிவிட்டார். ஸ்டாண்டின் காலில் ரப்பர் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று கத்தினேன். நான் கத்தியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள், ரப்பரை யாரும் பார்க்கவில்லை. பொழுது சாய்ந்தபின் இனி யாருக்கும் மாடி கிடையாது என்று பேச்சு வந்தது. யாருக்கும் என்றால் எனக்கு.

நாள் முழுக்க அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்து இத்தனை வருஷத்தில், யாரும் என்னை எதுவும் கேட்காமல் நான் நிற்க முடிந்த இடம் அந்த மாடி மட்டும்தான். அதுவும் கையை விட்டுப் போகப் பார்த்தது.

செயலாளர் இந்த ஊர்க்காரர், பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் நடுவில் புகுந்தார். "ஏதோ வால்நட்சத்திரம் வந்துகீதாமே, டிவில சொன்னான். அத்த நம்ம மாடிலேர்ந்து புட்ச்சுக் காட்டும்மா. காட்டிட்டன்னா சாவிய நீயே வெச்சுக்கோ. இல்லன்னா இத்தோட உட்ரு. இன்னா சொல்றே?"

சரி என்றேன். ஒரு நாள் சாயங்காலம் அரை மணி நேரம் வளாகத்து விளக்குகளை அணைத்துத் தரவும் ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் படத்தைக் காட்ட வேண்டும்.

நட்சத்திரப் படம் எடுப்பதில் என் கூட்டாளி பக்கத்துக் கோவில்பதாகையில் இருக்கிறாள். கணவருக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை என்பதால் குவார்ட்டர்ஸ் வாசம். கேமரா அவளுடையது, லேப்டாப் என்னுடையது, பிரியம் பொதுவானது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கொட்டித் தீர்த்த மழை நான்கு மணிக்கு விட்டது. அதற்கு முன்பே அவள் ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்திருந்தாள். மேற்கே மேகம் கிழிந்து ஒரு துண்டு வானம் தெரிந்தது.

விளக்குகள் அணைந்ததும் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள். பாதிக் குடித்தனம் மாடியில் இருந்தது. வெள்ளிக் கிரகத்தைப் பார்த்து "அதோ வந்துருச்சு" என்றார்கள். அடுத்து மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானத்தைப் பார்த்து "அதோ" என்றார்கள். வால்நட்சத்திரம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை, எங்கள் கண்ணுக்கும்தான். வரைபடத்தில் அது இருக்கவேண்டிய இடத்துக்குக் கேமராவைத் திருப்பிவைத்து, விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தோம். எங்கள் வானத்தில் ஒற்றைப் படம் உதவாது. சின்னச் சின்னதாக நிறைய எடுத்து, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மங்கலானது மேலே எழும். இதை மேல்தளத்து அம்மாவிடம் விளக்கினேன். "அப்ப இப்ப ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் மழையில் நனைந்து கிடந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் படங்களை அடுக்கினேன். ஊசி குத்தியதுபோல் துல்லியமான நட்சத்திரங்கள், துடைத்துவைத்த வானம். வால்நட்சத்திரம் இல்லை. மறுபடி அடுக்கினேன். மறுபடியும் இல்லை. கூட்டத்தில் நான் நிற்கப்போகும் கோலம் கண்முன்னே வந்தது. எனக்குக் கோபம் வந்தால் கை முந்திக்கொள்ளும். லேப்டாப்பில் இருந்த மூலப் படங்கள் அத்தனையையும் அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கூட்டாளியை ஃபோனில் கூப்பிட்டு, "கேமரா கார்டையும் அழிச்சிரு, விட்டுத்தொலை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என் கணவருக்கு வானத்தில் சூரியனும் சந்திரனும் தெரியும், அதற்குமேல் அக்கறை இல்லை. காபியை என் கையில் கொடுத்துவிட்டு என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"நேத்து அத்தனை ஃப்ளைட்டு போச்சே, இதுல ஒண்ணுகூட இல்லையே?"

"அதையெல்லாம் அதுவே தூக்கிப் போட்டுரும்" என்று எரிந்து விழுந்தேன்.

"எதைத் தூக்கிப் போடணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நகர்றதை எல்லாம்..." என்று ஆரம்பித்தவள் திரையைத் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் தலைக்குமேல் விமானம் போகாத நேரம் கிடையாது. அதனால் படத்துக்குப் படம் இடம் மாறுவது எதுவானாலும் குப்பை, தூக்கி எறி என்று மென்பொருளை எப்போதோ பழக்கி வைத்திருந்தோம். வால்நட்சத்திரமும் இடம் மாறும். நட்சத்திரங்களுக்கு நடுவில் அரை மணி நேரத்தில் கொஞ்சம்போல நகர்ந்திருக்கும். விமானங்களோடு சேர்த்து அதையும் நானே வாரிக் கொட்டியிருந்தேன். என்னைப்போல் விமானத்துக்கடியில் குடியிருக்கிறவளைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

உடனே கூட்டாளியைக் கூப்பிட்டேன். முழு மணியும் அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை. அதற்குள் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"கார்டை என்னடி பண்ணின?"

"கோச்சுக்காதீங்கக்கா. அழிக்கச் சொன்னீங்க, எனக்கு மனசு வரல. அப்படியே வெச்சிருக்கேன்."

நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் வந்தது, கூடவே சிரிப்பும். என் கணவர் காபித் தம்ளரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

அவள் கார்டோடு வந்ததும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினோம். வரைபடம் சொன்ன இடத்தில் ஒரு பொடிப் புள்ளி இருந்தது. கடைசிப் படத்தில் அது ஒரு கடுகளவு தள்ளி இருந்தது. இம்முறை நட்சத்திரங்களை விட்டுவிட்டு அந்தப் புள்ளியைப் பிடித்து அடுக்கச் சொன்னோம். நட்சத்திரங்கள் எல்லாம் கோடுகளாக இழுபட, நடுவில் புகை படிந்ததுபோல் ஒரு தலை. அதிலிருந்து மேல்நோக்கி, இருக்கிறதா இல்லையா என்று தயங்குகிற ஒரு வால். அவள் என் கையைக் கிள்ளினாள். நான் அவளைத் திருப்பிக் கிள்ளினேன்.

ஞாயிறு காலை வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். டீ நிறம், அழுக்குத் திட்டுகள், கோணல் கோடுகள், நடுவில் அந்த மங்கல். எனக்கே சப்பென்று இருந்தது. மேல்தளத்து அம்மா கைபேசியில் ஒரு படத்தைத் தேடியெடுத்து எல்லோருக்கும் நீட்டினார். எங்கோ பாலைவனத்தில் யாரோ எடுத்தது. கறுத்த வானம், பாதித் திரைக்கு வால்.

"இதுல்ல வால்நட்சத்திரம்? இவங்க நெட்லேர்ந்து எதையோ எடுத்துட்டு வந்து காட்றாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"யம்மா, இந்தப் பொண்ணு நெட்லேர்ந்து சுட்டுக்கினு வந்திருந்தா நல்லதா ஒண்ணு பாத்து சுட்டிருக்கும்ல? இது இவ்ளோ கேவலமா கீதுன்னா நம்ம மாடிலதான் எட்த்துக்கீது."

கூட்டமே சிரித்தது. மேல்தளத்து அம்மாவும் சிரித்துவிட்டார். செயலாளர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"கீழே போட்றாதே. ஒண்ணுதான் கீது."