நான் வாசிக்காமல் புரட்டிய பக்கம்

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் நகரத்துக்கு வெளியே, பஸ் நாளுக்கு இரண்டு தடவை மட்டும் வந்துபோகும் ஒரு கிராமத்தில் அப்போது குடியிருந்தேன். அகதியாக ஏற்கப்பட்டவர் தன் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடலாம் என்று இந்த நாட்டுச் சட்டம் சொன்னது. ஆனால் தமிழரின் கோப்புகளை மட்டும் தொடாமல் வைக்கும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு போயிருந்தது. அது எங்களுக்குத் தெரியாது. பின்னாளில் எல்லாம் வெளியே வந்து, விசாரணை நடந்து, அரசாங்கமே பதவி விலகியது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்து எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அந்த உத்தரவைப் போட்ட மந்திரியின் மேல் எனக்கிருந்த கோபம் இன்றும் ஆறவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் ஊரில் புவியியல் படிப்பித்தவன். இங்கே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். என்னோடு வேலை செய்த மன்னார்க்காரன் ஒருவன், என்னைவிடப் பத்து வயது இளையவன், பக்கத்துத் தெருவில் இருந்தான். அவனுக்கு டேனிஷ் ஏறவில்லை. எனக்குக் கார் ஓட வரவில்லை. மூன்று தடவை பரீட்சையில் தவறியிருந்தேன். ஆகவே அவனுக்கு வரும் கடிதங்களை நான் வாசிப்பேன். அவன் தன் பழைய காரில் என்னை வேலைக்குக் கூட்டிப்போவான். என் மனைவியை ஆஸ்பத்திரிக்கும், பிள்ளைகளைக் கடைக்கும் அவன்தான் ஏற்றி இறக்கினான்.

"மாஸ்ரர், நீங்கள் லைசன்ஸ் எடுத்துப்போடாதேங்கோ. பிறகு எனக்கு ஆர் கடிதம் வாசிக்கிறது?" என்று சிரிப்பான்.

என் குடும்பம் அந்தத் தடைக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது. அவன் மனைவி யாழ்ப்பாணத்தில் தாய் வீட்டில் காத்திருந்தாள். அவளுக்கான விண்ணப்பத்தை எழுதியது நான். நல்ல டேனிஷில் எழுதியிருக்கிறேன் என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. மாதங்கள் போயின. பதில் வரவில்லை.

ஒரு மாரிகாலத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் ஒரு தடித்த கடித உறையோடு வந்தான். அவன் மனைவியின் அண்ணன் நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே பெரியவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளி ஒன்றில் தங்கைக்கு இடம் எடுத்திருந்தார். ஓகஸ்டில் பள்ளி தொடங்கும். படிவத்தை நிரப்பி அனுப்பினால் அவள் மாணவியாகப் போய்ச் சேரலாம். பிறகு இவனும் அங்கே வேலை தேடிப் போகலாம். படிவத்தோடு, அந்த ஊரின் கொம்யூன், அதாவது உள்ளூராட்சி சபை, புதிதாக வருபவர்களுக்காக அச்சிட்ட ஒரு சிறு புத்தகமும் இருந்தது. ஊரின் சரித்திரமும் புவியியலும். ஊரின் பெயரை எழுதமாட்டேன். மிகச் சின்ன ஊர், தமிழர் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிவார்கள்.

"மாஸ்ரர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. ஊர் எப்பிடி எண்டு தெரிஞ்சால் அவளுக்கு எழுதலாம். உங்கடை சொல்லிலைதான் முடிவு."

டேனிஷ் தெரிந்தவனுக்கு நோர்வேஜிய எழுத்து பெரும்பாலும் விளங்கும். வாசித்தேன். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்: மரமே இல்லாத மலைகள். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதியில்தான் திரும்பும். பனி கொட்டினால் மலைப்பாதை மூடிவிடும்; பிறகு கப்பல்தான். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஒரு வீடு விடாமல் எரித்துவிட்டுப் போனது.

அந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டினேன். அடுத்த பக்கத்தில், புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் அடுக்கிய குடிசைகளின் முன்னால் சிலர் நிற்கும் படம். அதன் கீழிருந்ததை மனதுக்குள் வாசித்தேன். ஜெர்மன் படை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது சிலர் போகாமல் குகைகளில் ஒளிந்திருந்தார்கள். போர் முடிந்ததும் எல்லாம் தயாராகும்வரை பொறுத்திருங்கள் என்றது அரசாங்கம். அவர்கள் பொறுக்கவில்லை. திரும்பி வந்து, கிடைத்த பலகைகளால் ஊரைக் கட்டினார்கள். இரண்டு மாதம் இருட்டு என்றால், கோடையில் இரண்டு மாதம் சூரியன் மறைவதேயில்லை. வேலை உண்டு, ஆட்கள்தான் போதாது. வருபவர்களை வரவேற்கிறோம்.

அதில் ஒரு சொல்லைக்கூட நான் சொல்லவில்லை.

"இந்தப் பக்கத்திலை என்ன, மாஸ்ரர்?"

"மீன் கணக்குகள்" என்றேன்.

ஏன்? அவன் போய்விட்டால் காலையில் என்னை வேலைக்கு யார் கொண்டுபோவது என்ற நினைப்பு. அவ்வளவுதான். இதைவிடக் கௌரவமான காரணம் எத்தனையோ வருடம் தேடிப் பார்த்தேன். இல்லை.

அவன் படிவத்தைக் கையில் எடுத்தான். "இருட்டெண்டால் அவளுக்குச் சரியான பயம். லாம்பை நூரவும் விடாள்" என்று சொல்லிப் படிவத்தை மடித்தான். "இங்கை சட்டம் இருக்குத்தானே, மாஸ்ரர்?"

"ஓம். சட்டம் இருக்கு. பொறுத்திரு" என்றேன்.

அந்த வருடக் கடைசியில், ஊரில் மழைகாலத்தில், அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊரடங்கு. பாதை மூடியிருந்தது. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிந்திவிட்டது. அந்த ஓகஸ்டிலேயே அவள் நோர்வேயில் இருந்திருக்கலாம்.

அவன் வீட்டில் நடந்த முப்பத்தோராம் நாள் பூசைக்கு அவளுடைய அண்ணன் நோர்வேயிலிருந்து வந்தார். மத்தியானச் சாப்பாட்டில் யாரோ அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டார்கள்.

"இருட்டுத்தான், ஆனால் சனம் தங்கம்" என்றார். "ஒருக்கா முழுசா எரிஞ்ச ஊர். அரசாங்கம் பொறுக்கச் சொல்லியும் கேளாமல் வந்து கட்டினவையாம். எங்களைக் கண்டால் தங்கடை கதையைத்தான் சொல்லுவினம். நான் அனுப்பின புத்தகத்திலையே எல்லாம் கிடக்கு, படத்தோடை."

அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"மாஸ்ரர், அந்தப் படம் எனக்கு ஞாபகம். அதிலை மீன் இல்லையே?"

எல்லோருக்கும் முன்னால் "அந்த எழுத்து எனக்குச் சரியாய் விளங்கேல்லை" என்றேன். இரண்டாவது பொய்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு ஹோர்ன் அடித்தது. கதவைத் திறந்தேன். நான் இருக்கும் சீட்டில் அந்தப் புத்தகம் கிடந்தது. அதை எடுக்காமல் உட்கார முடியாது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தொழிற்சாலை வரை போனேன். மன்னிப்புக் கேட்கப் பதினொரு கிலோமீற்றர் இருந்தது. நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் நிறுத்திவைத்த கோப்புகள் அசையத் தொடங்கின. ஒரு பின்னேரம் அவன் வாசலில் நின்றான். கையில் அரசாங்க உறை. உள்ளே வரவில்லை.

"வாசியுங்கோ, மாஸ்ரர். இந்தமுறை முழுக்க வாசியுங்கோ."

வாசித்தேன். அவன் மனைவிக்கு டென்மார்க்கில் குடியிருக்க அனுமதி வழங்கப்பட்டிருக்கிறது. எந்தத் தூதரகத்துக்குப் போகவேண்டும், எத்தனை படம் கொண்டுபோகவேண்டும், கடைசியில் கையொப்பமிட்ட உத்தியோகத்தரின் பெயர், தொலைபேசி எண், அலுவலகம் திறக்கும் நேரம். எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டு கேட்டான். பிறகு கடிதத்தை வாங்கி மடித்தான்.

"இதிலை ஒண்டும் விடேல்லைத்தானே?"

"இல்லை."

"சரி. காலமை வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் வேறு ஊருக்கு மாறிப் போகும்வரை ஒரு நாள்கூட என்னை ஏற்றாமல் விட்டதில்லை.

அந்த மந்திரியை விசாரிக்க ஒரு நாடே கூடியது. கோப்புகளை ஒதுக்கிவைத்தவரை எல்லோரும் திட்டும்போது, ஒரே ஒரு பக்கத்தை ஒதுக்கிவைத்த படித்த மனிதன் ஒருவன் விசாரணையே இல்லாமல் என் சட்டைக்குள் முதுமை அடைந்துகொண்டிருக்கிறான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.