குளிர் ஊரில் ஒரு நீச்சல் குளம்

அரசாங்கப் பணத்தில் ஒன்றைக் கட்டவைக்கும் வேலையில் முக்கால்வாசி, மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான். ஏதாவது ஒரு சங்கத்துக்குச் செயலாளராக இருந்து தொலைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து குன்னூர்ப் பக்கம் திரும்பி வந்ததும், இரண்டு மொழியிலும் மனு எழுதுவேன் என்ற ஒரே தகுதிக்காக நீச்சல் குளக் கமிட்டியை என் தலையில் கட்டினார்கள்.

முதல் பெஞ்ச்

குளம் கேட்டது ஆடம்பரத்துக்கு இல்லை. எஸ்டேட்டுக்குக் கீழே பழைய கல்குவாரியில் தண்ணீர் நிற்கிறது. லீவு நாளில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர் பிள்ளைகள் அங்கேதான் குதிக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் பார்வதியின் மூத்த மகன் அதில் மூழ்கித்தான் செத்துப்போனான். இப்போது இளையவளும் அங்கே போக ஆரம்பித்திருக்கிறாள். அடித்தும் பார்த்தாயிற்று, கேட்கவில்லை.

இதையெல்லாம் பேரூராட்சி அலுவலகத்தில் சொன்னேன். மங்கி குல்லாவும் ஸ்வெட்டருமாக இருந்த கிளார்க் உச்சுக்கொட்டினார். பிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றினார். பிறகு நிஜமான கவலையோடு கேட்டார்: "ஏனுங்க மேடம், நானே பல்லு வெளக்கச் சுடுதண்ணி கேக்கற ஆளு. இந்தக் குளுருல யாருங்க எறங்குவாங்க?"

கமிட்டிக் கூட்டம்

கூட்டத்துக்காகப் பார்வதி அரை நாள் லீவு போட்டு வந்து, கடைசி நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். குளத்தைச் சுற்றி நடைபாதை வேண்டும் என்றார் ஒருவர். பார்க்கிங் இல்லாவிட்டால் தான் ராஜினாமா என்றார் இன்னொருவர். பிள்ளைகள் பேச்சு வரவே இல்லை.

நான் எழுதி வைத்திருந்த மனுவைப் படித்தேன். கல்குவாரி, சாவு, பயம் எல்லாம் இருந்தது. மளிகைக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "டூரிஸ்ட் வருவாங்கன்னு எழுதுங்க மேடம். நம்மூட்டுப் புள்ளைங்க குளிக்கன்னு எழுதுனா எவனுங்க காசு குடுப்பான்?"

டூரிஸ்ட் என்றே எழுதினேன். அப்படியும் பணம் வரவில்லை.

இன்ஜினியரின் யோசனை

பேரூராட்சி இன்ஜினியர் நல்ல மனுஷன். எங்கள் அளவு ஊருக்கு நீச்சல் குளத்துக்கென்று திட்டமே கிடையாது, ஆனால் மழைநீர்த் தொட்டிக்கு நிதி இருக்கிறது என்றார். தொட்டியையே அகலமாக, ஒரு பக்கம் இடுப்பளவு ஆழத்தில், படிக்கட்டோடு வரைந்து காட்டினார். எனக்குக் கொஞ்சம் உதைத்தது. பார்வதியின் மகளை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

"தகிரியமா இருங்க மேடம். கட்டி முடிச்சதுக்கப்புறம் எறங்கிக் குளிச்சா யாருங்க வந்து பாக்கப் போறாங்க?" என்றார் இன்ஜினியர்.

திறப்பு விழா

வந்து பார்த்தார்கள். ரிப்பன் வெட்டிய கையோடு, திறந்த தொட்டிக்கு வேலி கட்டாயம் என்று ஒருவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. கம்பி வேலி, கேட், பூட்டு, 'குளிக்கக் கூடாது' என்று சிவப்பில் போர்டு, எல்லாம் ஒரே மாதத்தில் முடிந்தன. அவ்வளவு வேகமாக எங்கள் ஊரில் எதுவும் நடந்ததில்லை.

போர்டு வைத்தவர் என்னைச் சமாதானப்படுத்தினார்: "விடுங்க மேடம், எல்லாம் புள்ளைங்க பாதுகாப்புக்குத்தானுங்க."

சாவி

தொட்டியைக் காவல் காத்துச் சுத்தம் செய்ய ஆள் தேடினார்கள். சம்பளம் எவ்வளவு என்று தெரிந்ததும் வந்தவர்கள் போய்விட, சாவி பார்வதியிடம் வந்தது. எனக்கு அந்தப் பக்கம் போகவே மனசில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்ததால் போனேன். கேட் திறந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் உதடு நீலம் பாரித்த பிள்ளைகள் படியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரான அருவங்காட்டுக்காரர் ஒருவர், தீயணைப்பில் இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, "மூச்சை அடக்காதே, விடு!" என்று கத்திக்கொண்டிருந்தார். இளையவள் படியை விட்டுவிட்டாள். மூழ்கவில்லை.

என்ன இது என்று கேட்டதற்கு, பார்வதி கண்ணை மகளிடமிருந்து எடுக்காமலே எனக்குப் பதில் சொன்னாள்: "தொட்டி கழுவுறோம்மா. கழுவுற புள்ளைக கொஞ்சம் உள்ள எறங்கத்தானே வேணும்?"

ஆக, இத்தனை வருஷம் பெஞ்சு தேய்த்ததில் எங்கள் ஊருக்குக் கிடைத்தது, வாரம் தவறாமல் கழுவப்படும் ஒரு மழைநீர்த் தொட்டி.