கதையில் வந்த அம்மா

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்புதான். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி உடைக்கப் போகிறேன்.

பதினேழு வயது மகள் இரண்டு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். நூலகத்தில் எடுத்த ஒரு கதைப் புத்தகத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள்.

“அதுல அப்படி என்னடி இருக்கு?” என்றேன்.

“அதுல ஒரு அம்மா இருக்காங்க” என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் நான் இருக்க, காகிதத்தில் இருக்கிறவள் அம்மாவா? “அவளே வந்து சோறு போடட்டும்” என்று புத்தகத்தைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன். மகள் நெருப்புக்குள் கையை விட்டு அதை எடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த நாட்களில், அப்படி என்ன பெரிய அம்மா என்று, கருகிய புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். தன்னை ஆணாகவே உணரும் ஒரு பெண்ணின் கதை அது. ஓரிடத்தில் அந்த அம்மா தன் பிள்ளையை, “வாடா, சாப்பிடு” என்கிறாள். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது.

“நீ ‘டி’ போட்டுக் கூப்பிடறப்பல்லாம் செத்துடலாம் போல இருக்கும்மா” என்றது பிள்ளை.

சின்ன வயதில் நானும் ‘டா’ என்றுதான் கொஞ்சினேன். வயதுக்கு வந்தபின் நிறுத்திவிட்டேன்.

நல்லவேளை, கை ஆறி விரல்கள் மடங்குகின்றன. இப்போது “வாடா” என்றுதான் கூப்பிடுகிறேன். “பொட்டப்புள்ளைக்கு என்னக்கா டா?” என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள். “எம்புள்ள, நான் கூப்பிடறேன்” என்பேன். பிள்ளை வந்து தட்டின் முன் உட்காருகிறது.

அந்த அம்மா மேல் இன்னும் எனக்குப் பொறாமைதான். நான் நிறுத்திய நாளெல்லாம் அவள் கூப்பிட்டிருக்கிறாள்.